பழைய டிரைவரைப் புதிய கெர்னலில் கம்பைல் செய்த அனுபவம்

ஓசூரில் சிறு பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர், இயந்திரச் சுழற்சிகளை எண்ணுவதற்காகக் கணினிக்குள் செருகும் பிசிஐ கார்டு ஒன்றின் பழைய டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) புதிய கணினியில் இயங்க வைத்துத் தருமாறு கேட்டு, அதன் சோர்ஸ் கோடை (மூல நிரலை) அனுப்பினார். அது உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 4.15 கெர்னலுக்காக (இயங்குதளத்தின் மையப் பகுதிக்காக) எழுதப்பட்டது. கிருஷ்ணகிரியில் என் வீட்டில் இருந்த கணினியிலோ உபுண்டு 22.04-உம் 6.5 கெர்னலும் இருந்தன.

முதலில் வந்த பிழைக்கும் டிரைவருக்கும் தொடர்பே இல்லை. மாறிகளுக்குத் தானாகவே சுழியத்தைத் தொடக்க மதிப்பாக இடும் ஆப்ஷன் ஒன்றைத் தனக்குத் தெரியாது என்று, மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலர் சொன்னது. கெர்னல் ஜிசிசி என்ற கம்பைலரின் 12-ஆம் பதிப்பால் கட்டப்பட்டிருக்க, கணினியின் இயல்பான கம்பைலர் ஜிசிசி 11-ஆக இருந்ததே காரணம். ஜிசிசி 12-ஐ நிறுவி, கம்பைல் வேலைகளை நடத்தும் மேக் கட்டளையில் அதையே பயன்படுத்துமாறு குறிப்பிட்டதும் அது நீங்கியது.

அடுத்து டிரைவரின் பிழைகள் வரிசை கட்டின. பல கம்பைல் வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் பிழைச் செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால், ஒவ்வொன்றாக ஓடவிட்டு, எப்போதும் முதல் பிழையை மட்டுமே எடுத்துக்கொண்டேன். கார்டின் நினைவகத்தை டிரைவர் அணுக வழிசெய்யும் 'ஐஓரீமேப்_நோகேஷ்' என்ற செயற்கூறு அறிவிக்கப்படவில்லை என்பது முதல் பிழை. முழு எண்ணைப் பாயின்ட்டராக (நினைவக முகவரியாக) மாற்றுவதாகக் கீழே வந்த எச்சரிக்கை அதன் விளைவுதான். 5.6 கெர்னலில் அந்தச் செயற்கூறு நீக்கப்பட்டுவிட்டதால், 'ஐஓரீமேப்' என்று மாற்றியதும் இரண்டும் மறைந்தன.

டிரைவரின் தகவலைப் பயனருக்குக் காட்டும் கோப்பை உருவாக்கும் 'ப்ராக்_கிரியேட்' செயற்கூறு பற்றிய பிழையில்தான் அதிக நேரம் சென்றது. 5.6 முதல் அது கோப்பைத் திறத்தல், படித்தல் போன்றவற்றுக்கான செயற்கூறுகளைத் தொகுத்து வைக்கும் 'ஃபைல்_ஆப்பரேஷன்ஸ்' கட்டமைப்பை ஏற்காமல், 'ப்ராக்_ஆப்ஸ்' என்ற தனிக் கட்டமைப்பையே கேட்கிறது. ஒரு காஸ்ட் (ஒரு வகையை இன்னொரு வகையாகக் கொள்ளச் சொல்லும் குறிப்பு) போட்டால் கம்பைலர் வாய் மூடிவிடும். ஆனால் இரண்டிலும் உறுப்புகளின் வரிசை வேறு என்பதால், கோப்பைத் திறக்கும் செயற்கூறு இருக்க வேண்டிய இடத்தில் படிக்கும் நிலையை நகர்த்தும் செயற்கூறு போய் அமரும், கெர்னலும் அதையே அழைக்கும். பயனர் நிரல் விழுந்தால் அது ஒன்றோடு போகும். கெர்னல் விழுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் பட்டறையே நின்றுவிடும். எனவே கட்டமைப்பைப் புதிதாக எழுதினேன். எழுதும்போது எனக்கு வழிகாட்டியது கெர்னலின் சோர்ஸ்தான்: ஒரு செயற்கூறின் வடிவத்தை மாற்றுபவர்கள், கெர்னலுக்குள் அதை அழைக்கும் டிரைவர்களையும் சேர்த்தே திருத்துவதால், மாற்றத்தின் முன்னும் பின்னும் அங்கேயே பார்க்கக் கிடைக்கின்றன.

6.4 கெர்னலில், சாதன வகையைப் பதிவு செய்யும் 'கிளாஸ்_கிரியேட்' செயற்கூறு தன் முதல் ஆர்க்யுமென்டை (உள்ளீட்டை) இழந்ததால் எழுந்த பிழையை, பழைய கெர்னலிலும் கம்பைல் ஆகும்படி பதிப்பைச் சோதிக்கும் நிபந்தனையிட்டுச் சரிசெய்தேன்.

கம்பைல் ஆன டிரைவரை, அதாவது மாட்யூலை, கெர்னலில் ஏற்றும்போது, கையொப்பமில்லாத நிரலை அனுமதிக்காத செக்யூர் பூட் பாதுகாப்பு தடுத்ததால், கையொப்பச் சாவியை உருவாக்கிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. நண்பரின் கணினியில், மாட்யூல்களை மீண்டும் கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ் என்ற கருவியையும் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். கெர்னல் புதுப்பிக்கப்படும்போது டிரைவர் தானாகவே மீண்டும் கம்பைல் ஆகும், ஆகாவிட்டால் பிழை விவரம் அதன் லாக் கோப்பில் இருக்கும்.