வாசிகசாலைப் பெட்டிக்கு மெமரி கார்ட் வேண்டாம்

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம், கிறவல் றோட்டோரம் இருக்கிற ஒரு வாசிகசாலையில் சின்னதாக ஒரு சேர்வர் ஓடுகிறது. ஒறேஞ் பை பிசி பிளஸ் என்ற ஒற்றைப் பலகைக் கணினி. ஆல்வின்னர் எச்3 சிப், 1 ஜிபி ராம், 2016இல் வந்த சாமான். இணையம் இல்லாமலே வாசிக்க உதவும் கீவிக்ஸ் என்ற மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவும், நூலகம் வலைத்தளத்தில் இருந்து இறக்கிய பழைய ஈழத்து நூல்களும் அதில் இருக்கின்றன. பிள்ளைகள் அங்குள்ள வைஃபையில் போனை இணைத்து வாசிக்கிறார்கள். டேட்டா போட்டுக்கொண்டு வரத் தேவையில்லை. வீட்டில் இணையத்துக்கு வழியில்லாத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கண்ணால் பார்க்கிறேன். அதனால் இந்தப் பெட்டி நிற்கவே கூடாது.

ஆனால் நின்றது, திரும்பத் திரும்ப. வாசிகசாலையைப் பார்க்கிற அக்கா கோல் எடுப்பா. "தம்பி, பிள்ளையள் வந்து நிக்குதுகள், பெட்டி எழும்பேல்லை." போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் மெமரி கார்ட்தான் பழுது.

இங்கே கரண்ட் சொல்லிவிட்டுப் போவதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரே நாளில் 13 மணித்தியாலம் வெட்டினார்கள், அந்தக் காலம் போய்விட்டது. இப்போதும் மாரியில் ஒரு மரக்கொப்பு முறிந்து லைனில் விழுந்தால் போதும். மெமரி கார்டுக்குள் எந்தத் தரவு எங்கே கிடக்கிறது என்று ஒரு கணக்கு இருக்கிறது. கார்டின் கட்டுப்பாட்டுச் சிப் அந்தக் கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கும் கணத்தில் கரண்ட் போனால், அப்போது எழுதிக்கொண்டிருந்த ஃபைல் மட்டுமல்ல, என்றோ எழுதி வைத்ததும் சேர்ந்து போகலாம். இதோடு கோடைப் புழுதி வேறு, கார்ட் செருகும் வாயில் படிந்து தொடுகையைக் கெடுக்கும்.

இந்தப் பலகையிலேயே 8 ஜிபி இஎம்எம்சி, அதாவது கார்டின் வேலையைச் செய்யும் சேமிப்புச் சிப் ஒன்று ஈயம் வைத்துப் பற்றவைத்தபடி வருகிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை. மெமரி கார்ட் 4 பாதையில் தரவை அனுப்பும், இஎம்எம்சி 8 பாதையில் அனுப்பும். கழன்று ஆடுவதற்கு எதுவும் இல்லை. கரண்ட் போனால் இதற்கும் ஆபத்து உண்டு, அதை மறைக்கக்கூடாது. என்றாலும் கடையில் கிடைக்கிற பெயர் தெரியாத கார்டைவிட இதை நம்பலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

வேலை பெரிதல்ல. ஆர்ம்பியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் இமேஜை ஒரு கார்டில் எழுதி, அதில் இருந்து பலகையை எழுப்பி, தேவையான எல்லாவற்றையும் முதலில் கார்டிலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், இணைந்திருக்கிற சேமிப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளை. வருகிற பட்டியலில் எது கார்ட், எது உள்சிப் என்று எண்ணை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) மாறினால் எண்ணும் மாறும். பூட்0, பூட்1 என்று இரண்டு சின்னத் துண்டுகள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வருவது எதுவோ அதுதான் இஎம்எம்சி. கார்டுக்கு அவை கிடையாது. அளவு 8 என்று காட்டாது, 7 சொச்சம்தான் காட்டும்.

பிறகு ஆர்ம்பியன்-இன்ஸ்டால் என்ற கட்டளை. இஎம்எம்சியில் இருந்து பூட் (எழும்புதல்), சிஸ்டமும் அதிலேயே என்ற தெரிவு, ஃபைல் சிஸ்டத்துக்கு எக்ஸ்ட்4. ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டத்தையே அது உள்சிப்புக்கு நகல் எடுத்து, எந்தச் சேமிப்பை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் புதிய அடையாள எண்ணைப் போட்டு, சிஸ்டத்தை எழுப்பும் சின்ன நிரலான பூட்லோடரையும் எழுதிவிடும். முடிந்ததும் பலகையை நிறுத்திக் கார்டைக் கழற்றிவிட்டு எழுப்பினால் சரி. நகல் ஓடும் நேரம் கரண்ட் போகக்கூடாது என்பதற்காக நான் சோலார் பற்றரியில் இருந்து 5 வோல்ட் எடுத்துத்தான் செய்தேன். இந்தப் பலகை 2 அம்பியர் வரை கேட்கும், மைக்ரோ யுஎஸ்பி வழியாகக் கரண்ட் எடுக்காது, வட்ட முள் அடாப்டர்தான் வேண்டும்.

பலகை வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: பூட் ஆகும்போது சிப் முதலில் எங்கே தேடுகிறது? எச்3 முதலில் கார்டைப் பார்க்கும், இல்லாவிட்டால்தான் இஎம்எம்சிக்குப் போகும். அதனால் உள்ளே என்ன குழம்பினாலும் ஒரு நல்ல கார்டைச் செருகி எழுப்பிவிடலாம். ராக்சிப் ஆர்கே3399 என்ற சிப் நேர்மாறு. முதலில் எஸ்பிஐ என்ற சின்னச் சேமிப்புச் சிப், பிறகு இஎம்எம்சி, கடைசியில்தான் கார்ட். உள்ளே அரைகுறைப் பூட்லோடர் ஒன்று இருந்தால் அது கார்டுக்கு வழிவிடாது, பலகையில் உள்சிப்பைத் தாண்டி எழுப்ப உதவும் மாஸ்க்ரொம் பொத்தான் இருக்கிறதா என்று தேட வேண்டிவரும். ராஸ்பெரி பை கம்பியூட் மொடியூல் 4இல் இஎம்எம்சி உள்ள வகைக்குக் கார்ட் வேலையே செய்யாது. ஜம்பர் போட்டு யுஎஸ்பியால் இன்னொரு கணினியில் இணைத்து, ஆர்பிஐபூட் என்ற மென்பொருளை ஓட்டினால் அந்தச் சிப் பென்ட்ரைவ் மாதிரித் தெரியும், அப்போதுதான் எழுதலாம். நகரத்தில் மேசையில் வைத்து விளையாடுகிறவருக்கு இது சின்ன வித்தியாசம். எங்களுக்கு அப்படியில்லை. எச்3 பலகை என்றால் அந்த அக்காவே கார்டைச் செருகி எழுப்பிவிடுவா. மற்றதற்கு நான் மோட்டார்சைக்கிளில் போக வேண்டும்.

8 ஜிபியில் சிஸ்டம் மட்டும்தான். விக்கிப்பீடியாவும் நூல்களும் யுஎஸ்பி டிஸ்க்கில். எஃப்எஸ்டேப்பில் கொமிட் என்ற மதிப்பையும் பாருங்கள், தரவை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சிப்பில் எழுதுவது என்பது அது. எக்ஸ்ட்4இன் வழக்கம் 5 செக்கன், ஆர்ம்பியன் சிப்பின் ஆயுளுக்காக அதை நிமிடக்கணக்குக்கு நீட்டி வைக்கும். கரண்ட் அடிக்கடி போகிற இடத்தில் அவ்வளவு நேரத்துத் தரவை இழக்க நான் விரும்பவில்லை, 30 செக்கனாகக் குறைத்தேன். பதிவுக் குறிப்புகளை (லொக்) ஆர்ம்பியன் ராமில் வைப்பதை மாற்றவில்லை.

இஎம்எம்சி 5.0இல் இருந்து சிப் தன் தேய்மானத்தைத் தானே சொல்லும். சிஸ் கோப்புறைக்குள் லைஃப்-டைம் என்ற ஃபைலில் இரண்டு எண்கள் இருக்கும். 1 என்றால் ஆயுளில் 10 வீதத்துக்குள் தேய்ந்திருக்கிறது, 2 என்றால் 20 வீதத்துக்குள். போகிறபோதெல்லாம் பார்த்து வாசிகசாலைக் கொப்பியில் எழுதி வைக்கிறேன்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் கார்டில் இருந்து ஒருமுறை எழுப்பி, சும்மா கிடக்கிற இஎம்எம்சியை டிடி கட்டளையால் முழுதாக டிஸ்க்குக்கு நகல் எடுத்துச் சுருக்கி வைத்தேன். அந்த ஃபைல் ஒன்று வாசிகசாலை அலுமாரியில், ஒன்று என் வீட்டில். எழுப்பிய கார்டும் அலுமாரியில்தான், எந்தப் பக்கம் செருகுவது என்று அக்காவின் கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டி.