கரையேறிய படகும் காயாத ஈரமும்

நெடும்பயணத்தின் நடுவே, அடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டிவிட்டுப் புதுப்பூச்சு அடிப்பதற்காகத்தான் எங்கள் பழைய கண்ணாடியிழைப் பாய்மரப் படகைக் கரையேற்றினோம். நீரைப் பீய்ச்சிக் கழுவியதுமே, நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே காசளவுக் கொப்புளங்கள் தென்பட்டன. ஒன்றைக் குத்தியபோது வழிந்த பிசுபிசுப்பான திரவம் வினிகர் நெடி அடித்தது. பயணத் திட்டம் அத்துடன் முடிந்தது.

கண்ணாடியிழை மரம்போல் மட்காது என்பது உண்மைதான். ஆனால் அதன் மேற்பூச்சான ஜெல்கோட் நீரை முற்றிலும் தடுப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் மிதக்கும் படகுக்குள் மெல்ல ஊடுருவும் நீர், இழைகளைப் பிணைக்கும் பாலியெஸ்டர் பிசினில் எஞ்சியிருக்கும் கரையக்கூடிய பொருள்களோடு சேர்ந்து அமிலக் கரைசலாகிறது. அக்கரைசல் சவ்வூடு பரவலால் மேலும் நீரை இழுக்க, உள்ளே ஏறும் அழுத்தம் பூச்சைக் கொப்புளமாகத் தள்ளுகிறது. கடலைவிட நன்னீரில் இது விரைவாக நிகழும் என்பதால், படகின் அடிக்குழியில் மழைநீரைத் தேங்கவிடுவதும் கேடுதான்.

சிறு சுத்தியலால் அடிப்பாகம் முழுவதையும் தட்டிப் பார்த்தோம். உறுதியான இடம் கணீரென்றது. அடுக்குகள் பிரிந்த இடம் மந்தமாக ஒலித்தது. அங்கெல்லாம் ஜெல்கோட்டையும் கெட்ட அடுக்கையும் சீவியெடுத்த பின் தொடங்கியதுதான் உண்மையான வேலை: நன்னீரால், இயன்றபோது வெந்நீரால், திரும்பத் திரும்பக் கழுவுவது. ஈரத்தைப் போக்க மேலும் நனைப்பதா என்று வேடிக்கை பார்த்தவர்கள் கேட்டார்கள். நீர் காற்றில் ஆவியாகிவிடும். அதைப் பிடித்துவைக்கும் கிளைக்கால் (glycol) போன்ற வேதிப்பொருள்கள் எளிதில் ஆவியாவதில்லை, கழுவித்தான் வெளியேற்ற வேண்டும். வெறுமனே உலரவிட்ட படகில் ஈரமானியின் முள் மாதக்கணக்கில் இறங்காமல் நிற்பது இதனால்தான்.

முள் இறங்கிய பிறகும், பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு ஓரமும் ஒட்டிவைத்து, உட்புறம் நீர் துளிர்க்கிறதா என்று சோதித்தோம். பிறகு, ஆழமான பள்ளங்களின் ஓரங்களைத் தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, புதிய இழைத்துணியை எப்பாக்சிப் பிசினால் படியவைத்தோம். பாலியெஸ்டர் மலிவு, ஆயினும் இறுகிப்போன பழைய அடுக்கின்மேல் எப்பாக்சியைப்போல் பற்றாது என்பதால், நீருக்குக் கீழே அதை நான் நம்புவதில்லை. காய்ந்த எப்பாக்சியின்மேல் மெழுகுபோல் படியும் படலத்தை நீரால் கழுவாமல் உப்புத்தாள் போட்டால், அது உள்ளேயே தேய்ந்து அடுத்த பூச்சின் பிடிப்பைக் கெடுத்துவிடும்.

தடுப்புப் பூச்சுகளும் பாசி எதிர்ப்புப் பூச்சும் முடிந்து படகு நீரில் இறங்கியபோது, நாங்கள் நம்பியிருந்த காற்றுப் பருவம் கடந்துவிட்டிருந்தது. ஆகவே திறந்த கடலை ஒதுக்கிவிட்டு, கரையோரமாகவே அடுத்த துறைமுகத்துக்குப் பாய் விரித்தோம்.