ஒன்றிலிருந்து ஆறு வரை ஒரு எண் வேண்டும்

பகடை உருட்டுகிற மாதிரி 1 முதல் 6 வரை ஏதோ ஒரு எண் வேண்டும், அவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்டின் மேத்.ரேண்டம் 0-வில் தொடங்கி 1-ஐத் தொடாத ஒரு தசம எண்ணைத்தான் தரும், அதை ஆறு வரை நீட்டுவது நம் பாடு. புதிதாக எழுதுகிறவர்கள் பலர் அதை 5-ஆல் பெருக்கி, ரவுண்ட் செய்து, அதாவது பக்கத்திலுள்ள முழு எண்ணாக்கி, ஒன்றைக் கூட்டிவிடுகிறார்கள். ஓடவிட்டால் ஆறு எண்ணும் வருகிறது, 0 வரவில்லை, 7 வரவில்லை, சரி, முடிந்தது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

முடியவில்லை. பெருக்கி வந்தது 0.5-க்குக் கீழே இருந்தால்தான் 0 ஆகும், ஆனால் 1 ஆவதற்கு 0.5 முதல் 1.5 வரை இடம் இருக்கிறது. மேல் ஓரத்திலும் இதே கதைதான். ஆக, ஒன்றைக் கூட்டிய பிறகு 1-ம் 6-ம் பத்துக்கு ஒரு தடவை, நடுவில் இருக்கிற நான்கும் ஐந்துக்கு ஒரு தடவை. சிக்ஸர் விழுமா என்று காத்திருக்கிறவன் பாவம்! 6-ஆல் பெருக்கி, தசமத்தை ஃப்ளோர் போட்டு வெட்டிவிட்டு, ஒன்றைக் கூட்டினால் எல்லாம் சமம்.

பைதானில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், ஆனால் ரேண்ட்இன்ட்(1, 6) என்றால் ஆறும் சேர்த்தி, ரேண்ட்ரேஞ்ச்(1, 6) என்றால் ஐந்தோடு நின்றுவிடும். ரேண்டம் என்ற ஒரே மாட்யூலுக்குள் இரண்டு வழக்கம், என்னத்தைச் சொல்ல. ஜாவாவில் நெக்ஸ்ட்இன்ட்(6) என்றால் 0 முதல் 5 வரை.

சி மொழியில் ரேண்ட் என்ற ஃபங்ஷன் தரும் எண்ணை வகுத்து மீதியை எடுக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. ரேண்டின் உச்ச எண் 32767 இருந்தாலே போதும் என்கிறது சி தரநிலை. அப்படிப்பட்ட கம்பைலரில் பத்தாயிரம் கூப்பன் உள்ள ஒரு குலுக்கலை 10000-ஆல் மீதி எடுத்து நடத்தினால் என்ன ஆகும்? மொத்தம் 32768 எண்கள், மூன்று முழுச் சுற்று போக 2768 மிச்சம். அந்த மிச்சம் முழுக்க 0 முதல் 2767 வரையுள்ள கூப்பன்களுக்கே போகிறது. அவற்றுக்கு நான்கு வாய்ப்பு, மற்றதற்கெல்லாம் மூன்றுதான், யாரும் ஏமாற்றாமலே. 30000-மும் அதற்கு மேலும் வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுப்பதுதான் வழி. பைதான் உள்ளே செய்வதும் கிட்டத்தட்ட இதுவே: பகடைக்கு மூன்று பிட் எடுக்கும், அதாவது 0 முதல் 7 வரை ஒரு எண், 6 அல்லது 7 வந்தால் வேண்டாம் என்று மறுபடி எடுக்கும்.

ஓடிபி மாதிரி விஷயத்துக்கு மட்டும் பைதானின் ரேண்டம் மாட்யூல் பக்கமே போகாதீர்கள், அதன் பழைய எண்கள் போதுமான அளவு கிடைத்தால் அடுத்து வருவதைக் கணித்துவிடலாம். பைதான் 3.6-லிருந்து சீக்ரெட்ஸ் என்ற மாட்யூல் இருக்கிறது, அதில் ரேண்ட்பிலோ(1000000) போதும். 000417 மாதிரி வந்தால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும் என்பதால், ஆறு இலக்கத்துக்கு நிரப்பி ஸ்ட்ரிங்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.