ஒவ்வொரு பிட்டும் கண்ணுக்குத் தெரியும் கணினி: நாட்குறிப்பு

மார்ச் 3
லினக்ஸ் இயங்குதளத்தின் நிரலை யாரும் வரிவரியாகப் படிக்கலாம். ஆனால் அது ஓடும் இன்டெல் கணினியின் சிப்செட்டுக்குள் மேனேஜ்மென்ட் என்ஜின் என்று தனியாக ஒரு குட்டிக் கணினி உட்கார்ந்திருக்கிறது. அதன் நிரலை இன்டெல் வெளியிடுவதில்லை. என் மேஜையில் ஒரு கணினியாவது அடிவரை படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதனால் எஃப்பிஜிஏ சிப்பில், அதாவது உள்சுற்றை நாமே வரையறுக்கக்கூடிய சிப்பில், நானே ஒன்று கட்டுகிறேன்.

சிப், லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 யுபி5கே. 5,280 தர்க்க செல்கள், அதோடு 128 கேபி ரேம். வேகமான சிப் இல்லைதான். ஆனால் இந்தச் சிப் குடும்பத்தின் பிட்ஸ்ட்ரீம் (சிப்புக்குள் சுற்றை அமைக்க ஏற்றும் பிட் வரிசை) அமைப்பைக் கிளேர் உல்ஃபும் மற்றவர்களும் அலசிக் கண்டுபிடித்து, 2015 முதல் ஐஸ்ஸ்டார்ம் என்ற பெயரில் வெளியிட்டு வருகிறார்கள். எனக்கு அது போதும்.

மார்ச் 9
ஒரு செல் என்பது 16 பிட் அட்டவணை: நான்கு உள்ளீடு, ஒரு வெளியீடு, பின்னால் ஒரு பிட்டை நினைவில் வைக்கும் ஃபிளிப்-ஃபிளாப். இன்று கூட்டியின் (எண்களைக் கூட்டும் சுற்றின்) ஒரு செல்லை மட்டும் எடுத்து உட்கார்ந்தேன். உள்ளே வருவது இரண்டு பிட், முந்தைய இலக்கத்திலிருந்து வரும் ஒரு மிகுதி. ஒற்றைப்படை எண்ணிக்கையில் 1 வந்தால் விடை 1. 000 முதல் 111 வரை பென்சிலால் எழுதினால் 0, 1, 1, 0, 1, 0, 0, 1. பிட்ஸ்ட்ரீமை ஐஸ்ஸ்டார்மின் ஐஸ்பாக்ஸ் கருவியால் வெரிலாக்காக (சுற்றுகளை எழுதும் மொழி) திருப்பிப் பார்த்தேன். அதே அட்டவணை! கூட்டல் என்பது சிப்பில் எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. இந்தச் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை.

மார்ச் 16
கணினியை அடியடியாக நகர்த்தும் கடிகாரத் துடிப்புக்குப் பதில் பட்டன். ஒரு அழுத்தலுக்கு ஒரு துடிப்பு. பட்டனின் தகடு தொட்டு நிலைபெறுவதற்குள் பலமுறை அதிரும். பட்டனைக் கவனிக்கும், 12 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சுற்றுக்கு ஒவ்வோர் அதிர்வும் தனி அழுத்தல். எனவே 240,000 துடிப்புகள், அதாவது 20 மில்லிசெகண்ட், அசையாமல் இருந்தால்தான் ஏற்கும்படி ஓர் எண்ணியை வைத்தேன். அப்புறம் 5-ஐயும் 3-ஐயும் கூட்டச் சொல்லி அழுத்தினேன். எல்இடிகளில் 0101, 0011, கடைசியில் 1000.

மார்ச் 24
"சிலிக்கானையே எப்படி நம்புவாய்?" என்று நண்பர் கேட்டார். சரியான கேள்வி. சிப்பை உரித்துப் பார்க்க என்னால் முடியாது. ஆனால் அது தயாரானபோது என் கூட்டி எந்த செல்லில் அமரும் என்று தொழிற்சாலைக்கே தெரியாது. எந்தச் சுற்று எந்த செல்லில் அமர வேண்டும் என்று முடிவுசெய்யும் நெக்ஸ்ட்பிஎன்ஆர் கருவியில் தொடக்க எண்ணை மாற்றினால் எல்லாம் இடம் மாறிவிடும். ஒரு தீய சுற்றை இன்ன இடத்தில் ஒளித்து வைக்கலாம் என்று முன்கூட்டியே திட்டமிடுவது கடினம். முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன்.

எனக்குக் கருவிகள்தான் பெரிய கவலை. மூல நிரலில் இல்லாததைக் கம்பைலரே (மூல நிரலை இயந்திர மொழியாக்கும் கருவி) நுழைக்க முடியும் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984-லேயே காட்டிவிட்டார்.

மார்ச் 30
கருவிகளைச் சோதிக்க இரண்டு வெவ்வேறு கணினிகளில் பிட்ஸ்ட்ரீமை உருவாக்கினேன்: ஒரே பதிப்புக் கருவிகள், ஒரே தொடக்க எண். பிட்ஸ்ட்ரீம்கள் பைட்டுக்குப் பைட் ஒன்றே. சிப்புக்கு அருகிலுள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்றியதைத் திரும்பப் படித்தும் ஒப்பிட்டேன், வித்தியாசம் இல்லை. அடுத்து சீரியல் போர்ட்.