கடல்மட்டத்துக்குக் கீழே ஆறு நாள்

2023 மே 2, செவ்வாய். லெய்டன், நெதர்லாந்து

வாடகைக்கு எடுத்த சைக்கிள்களில் கைப்பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கம் மிதித்தால்தான் வண்டி நிற்கும். நாற்பது வருடப் பழக்கத்தில் விரல்கள் ஒவ்வொரு தெருமுனையிலும் இல்லாத பிரேக்கைத் தேடின. கால்வாய் ஓரத்துச் செங்கல் தெருக்களில் அரைமணி நேரம் சுற்றிய பிறகு கால் பழகியது. "எதிரே யார் வந்தாலும் தயங்காதீர்கள் அப்பா. போகிற கோட்டிலேயே போங்கள், அவர்கள் விலகிக்கொள்வார்கள்" என்றாள் மகள். இங்கே வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது அவளுக்கு. ஒரு வாரம் விடுப்பு எடுத்திருக்கிறாள்.

ஊர் சுற்றுவதற்கு முன்பு விட்டே சிங்கல் கால்வாய்க் கரைக்குத்தான் போனேன். பல்கலைக்கழக நூலகம் அங்கே இருக்கிறது. ஆனைமங்கலச் செப்பேடுகள் அதற்குள் இருக்கின்றன. முன்கூட்டி எழுதிக் கேட்கவில்லை, அதனால் வாசலோடு சரி. இருபத்தொரு ஏடுகள், சோழ முத்திரை பதித்த ஒரே வளையம். நாகப்பட்டினத்துப் பௌத்த மடமான சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தை எழுதிக் கொடுத்த ஆவணம். பெண் யானையை நடத்தி ஊரின் எல்லை வகுத்ததும், எல்லையிலிருந்த வாய்க்கால்களும் அதில் வருகின்றன. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. ஏடுகள் கடல் கடந்த வழி அதுதான். நான் பிறந்தது கீழ்வேளூர்ப் பக்கம். ஆனைமங்கலம் எங்களுக்குச் சைக்கிள் தூரம். எங்கள் ஊர் எல்லையின் கணக்கு இந்தச் சுவருக்குள் இருக்கிறது என்று நினைத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. மகள் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றாள்.

மே 3, புதன். லெய்டன் – போஸ்கோப் – கௌடா

முப்பத்தைந்து கிலோமீட்டர். வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சைக்கிள் பாதைகள் சேருமிடமெல்லாம் ஒரு எண் நட்டிருக்கிறார்கள். வெள்ளைப் பலகையில் பச்சை எழுத்து. போக வேண்டிய எண்களைக் காலையிலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிவிட்டாள் மகள். ஒரு எண்ணைத் தொட்டதும் அடுத்ததற்கு அம்புக்குறி. அவ்வளவுதான்.

போஸ்கோப் முழுக்க மரக்கன்றுப் பண்ணைகள். ஒல்லியான நிலப் பட்டைகள், பட்டைக்குப் பட்டை இடையில் ஓர் ஓடை. அதைத் தாண்டி கௌவே ஆற்றின் ஓரமாக வந்தபோதுதான் அந்தக் காட்சி. வலப்பக்கம் கரை, கரைக்கு மேலே ஒரு சரக்குப் படகு போகிறது. படகின் அடிப்பாகம் என் தலைக்கு நேராக இருக்கிறது. இடப்பக்கம் பள்ளத்தில் மாடுகள் மேய்கின்றன. வண்டியை நிறுத்திவிட்டேன். பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருடம் ஆற்றுக்கரையிலேயே கழித்தவன் நான். கரைக்குள் வெள்ளமட்டம் வெளியே இருக்கிற வயலைவிட உயர்ந்துவிட்டால் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். இங்கே அது வருடம் முழுவதும் அப்படித்தான்.

காரணம் மண். இது கரிமண் சதுப்பு, பாதி மக்கிய செடிகொடிகள் படிந்த மண். ஆயிரம் வருடத்துக்கு முன்பு ஓடை வெட்டி நீரை வடித்து உழவு செய்தார்கள். நீர் வடிந்த கரிமண் காற்றுப் பட்டு மக்கிச் சுருங்குகிறது, நிலம் தாழ்கிறது. தாழ்ந்தால் இன்னும் வடிக்க வேண்டும், வடித்தால் இன்னும் தாழும். ஆறு மட்டும் பழைய உயரத்திலேயே நின்றுவிட்டது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் தண்ணீரைக் கடைமடை வரை கொண்டு சேர்ப்பதுதான் எனக்கு வாழ்நாள் வேலையாக இருந்தது. இவர்களுக்கு வாழ்நாள் வேலை அதை வெளியே அனுப்புவது. இரண்டுக்கும் மட்டம் பார்க்கும் கண் ஒன்றுதான்.

மே 4, வியாழன். கௌடா – ஔடேவாட்டர்

வியாழன்தோறும் கௌடாவில் பாலாடைக்கட்டிச் சந்தை. 1450ஐ ஒட்டிக் கட்டி முடித்த நகர மண்டபத்துக்கு எதிரே, மஞ்சள் சக்கரங்களை வரிசை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். இன்று பெரும்பாலும் பார்வையாளர்களுக்காக நடப்பதுதான். ஆனாலும் ஒரு வியாபாரி செய்ததை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீண்ட குழல் போன்ற ஒரு கருவியைச் சக்கரத்துக்குள் திருகி இழுத்தார். சுண்டுவிரல் பருமனில் உள்ளேயிருந்து ஒரு துண்டு வந்தது. முகர்ந்தார். நுனியைக் கிள்ளி விரலிடுக்கில் வைத்து நசுக்கினார், மெழுகு மாதிரி குழைகிறதா, உதிர்கிறதா என்று. கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டார். மீதித் துண்டைத் துளையிலேயே செருகி, மேல்தோலைக் கட்டைவிரலால் நீவி மூடினார். துளை இருந்த இடம் தெரியவில்லை. பிறகு உழவரும் அவரும் ஒருவர் உள்ளங்கையில் ஒருவர் மாறி மாறித் தட்டி விலை பேசினார்கள். கடைசித் தட்டு விழுந்தால் விலை படிந்தது என்று அர்த்தம்.

சந்தைக்குப் பின்னால் சின்ட் யான் தேவாலயம். 123 மீட்டர், இந்த நாட்டிலேயே நீளமானது. உலகம் இங்கே வருவது அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்காக. டிர்க், வௌட்டர் கிராபெத் சகோதரர்கள் 1555 முதல் 1571 வரை செய்தவை மிகச் சிறந்தவை என்கிறார்கள். சரிதான். ஆனால் நான் நின்றது 1603இல் பொருத்திய ஒன்றின் கீழே. லெய்டன் முற்றுகை அதன் பொருள். 1574இல் ஸ்பானியப் படை லெய்டனைச் சுற்றி வளைத்து ஊரைப் பட்டினி போட்டபோது, இவர்கள் தங்கள் ஆற்றுக்கரைகளைத் தாங்களே வெட்டிவிட்டார்கள். வயல்கள் மூழ்கின. மூழ்கிய வயல்கள் மேல் தட்டையான படகுகள் வந்து, அக்டோபர் 3இல் ஊர் மீண்டது. சன்னலில் நீர் பரந்து கிடக்கிறது, நடுவே படகுகள். கரையை உடைப்பது எத்தகைய முடிவு என்று கரை காத்தவனுக்குத் தெரியும். ஒருநாள் உடைத்த கரையை மீட்க எத்தனை பருவம் ஆகும், உப்பு ஏறிய மண் எத்தனை வருடம் விளையாது! அதைத் தெரிந்துகொண்டே வெட்டியிருக்கிறார்கள். மகள் வந்து தோளைத் தொடும்வரை நகரவில்லை.

மதியம் பதின்மூன்று கிலோமீட்டரில் ஔடேவாட்டர். இங்கே ஓர் எடைக்கூடம் இருக்கிறது. சூனியக்காரி என்று பழி சுமத்தப்பட்டவர்கள் எங்கிருந்தெல்லாமோ இங்கே வந்து தராசில் ஏறி, "உடலுக்கு ஏற்ற எடைதான்" என்று சான்றிதழ் வாங்கி உயிர் பிழைத்தார்கள். சூனியக்காரி என்றால் எடையே இருக்காது, துடைப்பத்தில் பறப்பாள் என்பது அந்தக் கால நம்பிக்கை. கள்ளத் தராசு இல்லாத ஓர் ஊர் அத்தனை உயிர்களைக் காத்திருக்கிறது.

இரவு எட்டு மணிக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம். போரில் இறந்தவர்களுக்காக. கொடிகள் அரைக்கம்பத்தில். நாங்களும் கூட்டத்தோடு நின்றோம். ஒரு சின்னப் பையன் சைக்கிளிலிருந்து இறங்கி, மணியில் கை பட்டுவிடாமல் அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றான்.

மே 5, வெள்ளி. ஔடேவாட்டர் – ஸ்கோன்ஹோவன்

விடுதலை நாள். நேற்று இறங்கியிருந்த கொடிகள் எல்லாம் இன்று உச்சியில்.

ஃப்ளிஸ்ட் என்ற சிற்றாற்றின் ஓரமாக வந்தோம். இரு கரையிலும் தலை வெட்டிய வில்லோ மரங்கள். சில வருடத்துக்கு ஒருமுறை கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். மொட்டைத் தலையிலிருந்து விளார் சிலிர்த்துக் கிளம்புகிறது. அந்த விளாரைப் பாய் போலப் பின்னி, மேலே கல் ஏற்றி ஆற்றடியில் அமிழ்த்திக் கரையின் காலைக் காத்தார்கள். உடைப்பு அடைக்க நாங்கள் சவுக்குக் கம்பும் மணல்மூட்டையும் வைத்து இரவெல்லாம் நின்றது நினைவுக்கு வந்தது.

பாதி வழியில் என் வண்டியின் செயின் கழன்றது. கடையில் சரியாக இறுக்கிக் கொடுக்கவில்லை. பால்பண்ணை வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், கேட்காமலே ஸ்பேனரோடு வந்து பின்சக்கரத்தை இழுத்து முடுக்கிவிட்டுப் போனார். ஸ்கோன்ஹோவன் வெள்ளிப் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர். விடுமுறை என்பதால் பல கடைகள் மூடியிருந்தன.

மே 6, சனி. ஸ்கோன்ஹோவன் – கின்டர்டைக்

1601இல் கட்டிய கோட்டை வாசலைத் தாண்டினால் லெக் ஆறு. படகுத்துறையில் சைக்கிளோடு ஏறி அக்கரை போனோம். பிறகு கரைமேலேயே இருபது கிலோமீட்டருக்கு மேல், எதிர்காற்று. கரை வளைந்து வளைந்து போகிறது. வலப்பக்கம் ஆறு, இடப்பக்கம் வீட்டுக் கூரைகள் சைக்கிள் மட்டத்தில். தொடை எரிந்தது. ஆனால் இந்தக் காற்றுதான் இந்த நிலத்தை உண்டாக்கியது என்று தெரிந்த பிறகு அதன்மேல் கோபம் வரவில்லை.

கின்டர்டைக்கில் பத்தொன்பது காற்றாலைகள். 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. வாய்க்காலின் ஒரு பக்கம் 1738இன் வட்டமான செங்கல் ஆலைகள், மறுபக்கம் 1740இன் கூரை வேய்ந்த எண்கோண ஆலைகள். படத்தில் பார்க்கும்போது அழகு மட்டும்தான் தெரியும். நேரில் நின்றால் வேலை தெரிகிறது. ஒரு ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இறக்கையும் நிலத்தை உரசுவதுபோல் இறங்கி, "உஃப்" என்று காற்றை வெட்டி மேலே போகிறது, அடுத்தது வருகிறது. அடியில் பலகைகள் பொருத்திய பெரிய சக்கரம் ஓடைநீரை வாரி ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற வாய்க்காலுக்குள் தள்ளுகிறது. நீர் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு ஏறுகிறது. காற்றின் திசை மாறினால் ஆலைக்காரர் வால்பக்கத்துச் சக்கரத்தைக் காலால் மிதித்தும் கையால் இழுத்தும் மொத்தத் தலைப்பகுதியையும் திருப்புகிறார். குடும்பமாக அதற்குள்ளேயே குடியிருந்தார்கள். நள்ளிரவில் காற்று எழுந்தால் நள்ளிரவில் எழ வேண்டும். எங்கள் லஸ்கர்கள் மதகு ஷட்டரைத் திறக்க டார்ச் விளக்கோடு கிளம்புவதைப் போல.

இறக்கைகள் நிற்கும் சாய்வுக்கும் மொழி உண்டு. மேல் இறக்கை உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பு நின்றால் வீட்டில் மகிழ்ச்சி. உச்சியைக் கடந்து நின்றால் துக்கம். தூரத்து வயலில் இருப்பவருக்கும் செய்தி போய்விடும்.

இப்போது நீரை இறைப்பது பக்கத்திலிருக்கும் பம்பு நிலையத்தின் பெரிய ஆர்க்கிமிடீஸ் திருகுகள். ஆனால் இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் தீர்ந்தபோது, பழைய ஆலைகளை மறுபடி ஓட்டித்தான் நிலத்தைக் காத்தார்கள்.

மாலை, கரைப் புல்லில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்கிறார்கள், அரசாங்கமா?" நீர் வாரியங்கள் என்றேன். மொத்தம் இருபத்தொன்று. தனி வரி, தனித் தேர்தல். கடந்த மார்ச்சில்தான் தேர்தல் நடந்தது. ஊரெங்கும் சுவரொட்டி பார்த்ததாக அவளே சொன்னாள். லெய்டனில் இருக்கிற ரைன்லாந்து வாரியம் 1255ஆம் வருட ஆவணத்திலேயே வருகிறது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிலக்காரருக்கும் கரையில் ஒரு பங்கு அளந்து விடப்பட்டது. "கரை காக்காதவன் வெளியேற வேண்டும்" என்பது இவர்களின் பழமொழி. முடியாதவர் தன் மண்வெட்டியைக் கரையில் குத்தி நிறுத்திவிட்டு நிலத்தை விட்டுப் போவார். அதைப் பிடுங்குகிறவருக்கு நிலமும் கரையும் சேரும். குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்று என் அப்பா மண்வெட்டியோடு கிளம்பும் காலைகளை மகளுக்குச் சொன்னேன். இதுவரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். பதில் இல்லை.

மே 7, ஞாயிறு. கின்டர்டைக் – நியூவர்கெர்க்

படகில் லெக்கைக் கடந்து கிரிம்பன். ஹாலந்து ஐசல் ஆற்றின் குறுக்கே 1958இல் கட்டிய புயல் தடுப்பு. இரண்டு கோபுரங்களுக்கு இடையே மாபெரும் இரும்பு ஷட்டர் உயரத் தொங்குகிறது. கடல் ஏறினால் இறக்குவார்கள். 1953 கடல் வெள்ளத்துக்குப் பிறகு தொடங்கிய டெல்டா பணிகள் என்ற வெள்ளத் தடுப்பு வேலைகளில் முதலாவது இது. ஷட்டரின் கீழ்விளிம்பை வெகுநேரம் பார்த்தேன். துரு இல்லை.

கரையோரமாக வடக்கே போனால் நியூவர்கெர்க். இந்த ஊரைச் சேர்ந்த பள்ளநிலத்தில்தான் நாட்டின் மிகத் தாழ்ந்த புள்ளி, கடல்மட்டத்துக்கு 6.76 மீட்டர் கீழே. 1953 பிப்ரவரி 1 அதிகாலை, தென்மேற்கே கரைகள் உடைந்து 1,836 பேர் இறந்த அதே இரவில், இங்கேயும் கரை அறுந்தது. உடைப்பு பெரிதாகியிருந்தால் ரோட்டர்டாமைச் சுற்றியுள்ள பள்ளநிலம் முழுவதும் போயிருக்கும். ஆரி எவெக்ரூன் என்ற படகோட்டி, தன் சரக்குப் படகை ஓட்டிவந்து உடைப்பில் குறுக்காகச் செருகினார். படகு கதவைப் போலப் பொருந்தியது. பின்னால் மணல்மூட்டைகளை அடுக்கி அடைத்துவிட்டார்கள். படகின் பெயர் 'இரு சகோதரர்கள்'.

அந்த இடத்தில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. படகு, அதை ஓட்டும் மனிதர். 'விளிம்பில் நிற்கும் பத்துக்காசு' என்று பெயர். எந்தப் பக்கம் விழும் என்று தெரியாத காசு.

சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கரையில் இறங்கி ஏறிப் பார்த்தேன். சரிவு சீராக இருக்கிறது, புல் நெருக்கமாகப் பிடித்திருக்கிறது, எலி வளை ஒன்றும் கண்ணில் படவில்லை. "என்ன தேடுகிறீர்கள் அப்பா?" என்றாள் மகள் மேலிருந்து. "கசிவு இருக்கிறதா என்று பார்க்கிறேன் அம்மா" என்றேன். அவளும் இறங்கி வந்தாள். கரையின் அடிவாரத்தில் எங்கே கைவைத்துப் பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். ஈரம் இல்லை.