7.89 எப்படி வந்தது?

முதல் செமஸ்டர் கிரேடு ஷீட்டில் என் ஜிபிஏ, அதாவது பத்துக்கு என் கிரேடு புள்ளிகளின் சராசரி, 7.89. மொத்தம் ஆறு பாடம். கிரேடு புள்ளிகளை அப்படியே கூட்டி ஆறால் வகுத்தால் 8.17 வருகிறது. நடுவில் கால் புள்ளிக்கு மேல் எங்கே போனது என்று தெரிந்துகொள்ளாமல் விட மனசு வரவில்லை. தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

விடை கிரெடிட்டில், அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் கல்லூரி தரும் எடையில், இருந்தது. ஒவ்வொரு பாடத்தின் கிரேடு புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்க வேண்டும். கணிதம் 4 கிரெடிட், நான் வாங்கியது 8 புள்ளி, ஆக 32. தரவுக் கட்டமைப்பு 3 கிரெடிட், 9 புள்ளி, 27. இயற்பியல் 3 கிரெடிட்டுக்கு 7 புள்ளி, 21. மின்னணுவியல் 4 கிரெடிட்டுக்கு 6 புள்ளி, 24. ஆங்கிலமும் ஆய்வகமும் தலா 2 கிரெடிட். அவற்றில் 9, 10 வாங்கியதால் 18, 20. கூட்டினால் 142. மொத்த கிரெடிட் 18. வகுத்தால் 7.888, அதாவது 7.89. கிரேடு ஷீட் சொன்னது சரி.

ஆய்வகத்தில் வாங்கிய முழு 10 புள்ளியை விட மின்னணுவியலில் வாங்கிய 6 தான் சராசரியை அதிகம் இழுத்திருக்கிறது. 4 கிரெடிட் பாடத்தில் ஒரு கிரேடு ஏறினால் ஜிபிஏ 0.22 கூடும். 2 கிரெடிட் பாடத்தில் அதே உழைப்புக்கு 0.11 தான்.

இதை விட என்னை உலுக்கியது கிரேடின் எல்லைக்கோடு. எங்கள் கல்லூரியில் 51 முதல் 60 வரை 6 புள்ளி, 61 முதல் 70 வரை 7. மின்னணுவியலில் என் மதிப்பெண் 60. இன்னும் ஒரே ஒரு மதிப்பெண் இருந்திருந்தால் ஜிபிஏ 8.11 ஆகியிருக்கும். இயற்பியலில் வாங்கியதோ 69. அங்கே எட்டு மதிப்பெண் குறைந்திருந்தாலும் அதே 7 தான். அதனால் இப்போது இன்டர்னல் மதிப்பெண் வந்ததுமே எந்தப் பாடம் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்துவிடுகிறேன். (வகுப்பின் சராசரியை வைத்து கிரேடு தரும் கல்லூரிகளில் கோடு எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரியாது. அங்கே இந்தக் கணக்கு செல்லாது.)

அரியர் வைத்தவர்கள் கல்லூரியின் ரெகுலேஷனை (தேர்வு விதிமுறைகளை) கட்டாயம் படிக்க வேண்டும். என் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மின்னணுவியலில் பெயில் ஆகியிருந்தால் 142இல் 24 போய் 118. தேறாத பாடத்தின் கிரெடிட்டையும் வகுக்கும்போது சேர்க்கும் கல்லூரியில் 118ஐ 18ஆல் வகுத்து 6.56 என்பார்கள். தேறிய பாடங்களை மட்டும் எடுக்கும் கல்லூரியில் 14ஆல் வகுத்து 8.43. ஒரே தேர்வு முடிவு, இரண்டு எண்! வேறு கல்லூரி நண்பரின் ஜிபிஏவோடு ஒப்பிட்டு வருத்தப்படுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. 8.43ஐப் பார்த்து நிம்மதியாக இருப்பவரும் கேட்க வேண்டும், ஏனென்றால் அந்த அரியரை குறைந்த கிரேடில் முடித்தால் சராசரி இறங்கும்.

அப்புறம் சிஜிபிஏ, அதாவது இதுவரை முடித்த எல்லா செமஸ்டருக்கும் சேர்த்து வரும் சராசரி. இரண்டாம் செமஸ்டரில் 24 கிரெடிட், ஜிபிஏ 8.50. இரண்டு ஜிபிஏவையும் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. 24ஐ 8.50ஆல் பெருக்கினால் 204. அதோடு பழைய 142 சேர்ந்து 346. அதை 42ஆல் வகுத்தால் 8.24.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இலக்கும் கிடைத்துவிடும். மூன்றாம் செமஸ்டர் 22 கிரெடிட். அது முடியும்போது சிஜிபிஏ 8.5 வேண்டும் என்றால் 64 கிரெடிட்டுக்கு 544 புள்ளி தேவை. கையில் 346 இருக்கிறது, மீதி 198. அதை 22ஆல் வகுத்தால் சரியாக 9. கஷ்டம்தான், ஆனாலும் எட்டக்கூடிய எண். இரண்டு 4 கிரெடிட் பாடங்களுக்கு வாரத்தில் கூடுதல் நேரம் ஒதுக்கிவிட்டேன்.

விண்ணப்பங்களில் சதவீதம் கேட்டால் மட்டும் சொந்தமாகக் கணக்குப் போடாதீர்கள். சில பல்கலைக்கழகங்களில் 10ஆல் பெருக்குவார்கள்; 8.24 அங்கே 82.4. சிலவற்றில் 0.75ஐக் கழித்துவிட்டுப் பெருக்குவார்கள், அப்போது 74.9. உங்கள் பல்கலைக்கழகத்தின் சூத்திரம் பெரும்பாலும் கிரேடு ஷீட்டின் பின்பக்கத்திலோ ரெகுலேஷனிலோ இருக்கும். அதன் நகலையும் விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.