லோமுவின் அந்த முதல் ட்ரை

இன்றைக்கும் அந்த வீடியோவைப் பார்த்தேன். 1995 ஜூன் 18, கேப் டவுன். ரக்பி உலகக் கோப்பை அரையிறுதியில் நியூசிலாந்தும் இங்கிலாந்தும். ஆட்டம் தொடங்கி இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும். பாஸ் சரியாக வரவில்லை, திரும்பி எடுக்கிறார் நியூசிலாந்தின் ஜோனா லோமு. முதல் ஆளைத் தாண்டுகிறார், இன்னொருவர் பின்னாலிருந்து காலைத் தட்டிவிட, தடுமாறுகிறார். தடுமாறிய வேகத்திலேயே எதிரே நின்ற இங்கிலாந்து வீரர் மைக் கேட் என்பவரை மிதித்துக்கொண்டு போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றுகிறார். ரக்பியில் இதுதான் ட்ரை. அன்று மட்டும் நான்கு ட்ரை. வயது 20!

அந்த ஆண்டு முடிவதற்குள் சிறுநீரக நோய் என்று தெரிந்துவிட்டது. அப்புறமும் 2002 வரை நாட்டுக்காக ஆடினார். 63 டெஸ்ட் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்), 37 ட்ரை. 1999 உலகக் கோப்பையில் மட்டும் எட்டு. நோயோடு ஓடிய ஓட்டம் இது, எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

2003இல் டயாலிசிஸ், 2004இல் மாற்றுச் சிறுநீரகம். சரி, இனி ஓய்வு என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரோ வேல்ஸின் கார்டிஃப் அணிக்காக மறுபடி களத்தில் இறங்கினார்!

2015 நவம்பர் 18இல் போய்விட்டார். நாற்பது வயதுதான். இரண்டு சின்னப் பையன்கள்.